பேட்டரிக்குக் குளிருகிறது

“பேட்டரிக்குக் குளிருதாம்” என்று மனைவியிடம் சொன்னார், மலைமேல் நாயுடுபுரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர். கரண்டு போனால் வீட்டு விளக்குக்கென்று வைத்திருக்கும் லாரி பேட்டரியைக் கடையில் காட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

“சார்ஜ் ஏத்தலையாங்க? நேத்தும் செத்த நேரத்துல லைட்டு மங்கிருச்சே.”

“சார்ஜெல்லாம் ஃபுல்லாத்தான் கெடக்கு. டிஸ்டில் வாட்டரும் ஊத்தியாச்சு. ராத்திரியில கம்பளியப் போத்தி வைக்கணுமாம்.”

“என்னோடதப் போத்தி விடுங்க.”

“வீட்ல கெடக்குறதே ரெண்டு கம்பளி. அப்புறம் நீ?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்களோடது என்ன, ரெண்டு பேருக்குக் காணாதா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பேட்டரிக்கு அப்போதே போர்த்திவிட்டார்.