மகாநவமி மாலையில் மீண்ட சாவி

துலாமாத மழை தொடங்கிவிட்டது. நண்பகல் கடந்ததும் காயலின்மேல் கார்முகில் கவிகிறது. சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குத் தெருவில் தார்ப்பாய்கள் தாழ்கின்றன. எங்கோ இடி உருளும்போதெல்லாம் எங்கள் உள்ளம் ஒருகணம் நின்று நடக்கிறது. இந்தக் கலங்கிய காலத்தில், கலங்கியபோதும் கடமை தவறாத தங்களுக்குப் பணிநிறைவு நாளில் விடைகொடுக்கக் கூடியிருக்கிறோம்.

பாசுரங்களை அன்றாட மூச்சாக்கிய பண்பே! பல்லாயிரம் நோயாளரின் மருத்துவக் குறிப்புகளை மணியெனக் காத்த மாண்பே! எங்கள் தரவுப் பிரிவின் தலைவியே, காமாக்ஷி அம்மையீர்! வணக்கம்.

எழுத்தராக இம்மருத்துவமனையில் நுழைந்து இருபத்தெட்டு ஆண்டுகள். தூசி படிந்த கோப்புகளைக் கணினிக்கும், கணினியிலிருந்து, வெளி நிறுவனத்தின் இணையச் சேமிப்பிடமான கிளவுடுக்கும் ஏற்றியவர் தாங்கள். இடம் பிறருடையதாயினும் பூட்டு நம்முடையதாக இருக்கட்டும் என்று வாதாடி, குறிப்புகள் அனைத்தையும் குறியாக்கம் செய்வித்து, அவற்றைத் திறக்கும் மின்னணுச் சாவிகளை நம் கையிலேயே வைத்தீர்கள். ஒரு சாவி அழிந்தால் அது பூட்டிய குறிப்புகள் கிடக்கும். ஆனால், இடம் கொடுத்த நிறுவனத்தாராலும் அவற்றைப் படிக்க இயலாது. அதனால் சாவிகளை ஆளும் உரிமையை ஒரேயொரு மடிக்கணினிக்கே அளித்தீர்கள்.

பாராட்டு மடலில் பிழை பேசுவது வழக்கமன்று. ஆயினும் இதை எழுதியே தீரவேண்டும் என்பது தங்கள் கட்டளை.

நவராத்திரியின் இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, பூஜைக்கு முன் வேண்டாதவற்றை ஒழிக்கும் நம் வழக்கப்படி, பயனற்றதென்று எண்ணிய பழைய சாவியொன்றை அழிக்கக் குறித்தீர்கள். குறித்த கணமே சாவி முடங்கும்; ஏழு நாள் தவணைக்குள் மீட்காவிட்டால் அடியோடு அழியும். அஷ்டமியன்று மடிக்கணினி சரஸ்வதியின் திருமுன் பட்டின் அடியில் அமர்ந்தது. விஜயதசமிவரை அதைத் தொடலாகாது.

மகாநவமி பிற்பகல் நான்கு மணி. தங்கள் உதவியாளர் விஷ்ணுப்ரியா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். செவிலியர் அம்பிளி ஓடிவந்தார்.

"சேச்சி, சுள்ளிக்கல் பாலையா சேட்டனுக்குக் காய்ச்சல் கூடுதலா. ஏதோ ஊசி அவருக்கு ஒத்துக்காது, பழைய சார்ட்டுல உண்டு. அது திறக்கவே மாட்டேங்குது! சாவி அழியப் போகுதுன்னு காட்டுது!"

விஷ்ணுப்ரியா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பத்தாண்டுக்கு முந்தைய குறிப்புகள் எல்லாம் அந்தப் பழைய சாவியில்தான் பூட்டிக் கிடக்கின்றன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தவணை முடிய ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், தங்களைப் பார்த்தார்.

"பூஜை முடிச்சு எடுக்காம எப்படித் தொடறது, மாமி?"

வாசற்காவலர் சஜி எட்டிப் பார்த்தார். "தேவி பொறுத்துக்கும் மாமி. பாலையா சேட்டன்தான் பொறுக்காது. எழுந்து வந்து நம்மளைச் சீத்த பறையும், ஏசித் தீர்த்துடும்!"

தாங்கள் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதாக்கும், விஷ்ணு. சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பட்டை விலக்கினீர்கள். கடவுச்சொல் இருமுறை பிழைத்தது. மூன்றாம் முறை திறந்தது, சாவியின் அழிப்புக் குறி நீங்கியது.

"இப்பவும் திறக்கலையே!" என்றார் அம்பிளி.

மீட்ட சாவி முடங்கியே கிடக்கும், அதை மறுபடி இயக்கவேண்டும் என்பது விஷ்ணுப்ரியாவுக்கு நினைவு வந்தது. அவர் சொல்லச் சொல்ல இயக்கினீர்கள். நான்கு நாற்பத்தேழுக்குப் பாலையாவின் பழைய குறிப்பு திரையில் தெளிந்தது. ஆகாத மருந்தின் பெயர் சிவப்பில் நின்றது. இதோ, முன்வரிசையில் அமர்ந்து அவர் சாயா அருந்துகிறார்.

அன்றே பணிப்பதிவேட்டில் பிழையைத் தங்கள் பெயரிலேயே எழுதினீர்கள். அதன்கீழே, எந்தச் சாவியை அழிக்குமுன்னும் அது பூட்டியவை எவையென இருவர் பார்க்கவேண்டும் என்ற புது விதியையும் எழுதினீர்கள்.

நாளைமுதல் சாவிகள் விஷ்ணுப்ரியாவின் பொறுப்பு. மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று, "பயமா இருக்கு மாமி" என்றார்.

"இருக்கட்டும். அந்தப் பயம் விட்டுப்போற அன்னிக்கு என்னைக் கூப்பிடு" என்றீர்கள்.

இன்று காலை, மடிக்கணினியின்மேல் நந்தியாவட்டைப் பூவொன்றை வைத்து, உதடு மட்டும் அசைய ஒரு பாசுரத்தை முழுவதும் ஓதி நின்றீர்கள். பின்பு நீட்டினீர்கள். விஷ்ணுப்ரியா இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அரும்பிணி அணுகாது, கண்ணொளி குன்றாது, பாடும் குரல் நெடுங்காலம் தழைத்திருக்கக் கலைமகள் தங்களுக்குத் துணைநிற்பாளாக! அஞ்சும் எங்களையும் அவளே காப்பாளாக!

தங்கள் நிழலில் வளர்ந்த
தரவுப் பிரிவுப் பணியாளர்கள்,
மட்டாஞ்சேரி.