கழுத்துவரை மண்

இப்படி வா மிஹ்யாங், மின்விசிறிக்கு நேராக என் பக்கத்தில் உட்கார். உன் அப்பா முடிவெட்டிக்கொண்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும். பார்லித் தேநீரைக் குடித்துக்கொண்டே கேள், ஒரு கதை சொல்கிறேன். இந்த ஹாமான் ஊர் முழுக்கத் தர்பூசணி காய்க்கும்போது அப்பாவின் கொடி மட்டும் நான்கு வருஷமாக ஏன் சாகிறது என்று கேட்டாயே, அந்தக் கதைதான்.

எங்கள் மண்ணில் காலங்காலமாகத் தர்பூசணிதான். அதனால் மண்ணுக்குள் ஒரு நோய் குடியேறிவிட்டது. தர்பூசணி வேர் பட்டால் ஏறிக்கொள்ளும். சுரை வேரைத் தொடாது. ஆகவே சுரை நாற்றின் தலையைக் கிள்ளி, தண்டில் துளையிட்டு, தர்பூசணிக் குருத்தைச் சீவிச் செருகுகிறோம். கீழே சுரை, மேலே தர்பூசணி. நாற்றுப்பண்ணையில் ஒரு நாளைக்கு ஆயிரம் ஒட்டுவேன். உன் அப்பாவுக்குக் கொடுத்ததும் முதல்தர நாற்றுதான். அதில் நான் குறை வைக்கவில்லை.

முப்பது வருஷம் ரயில் ஓட்டியவர், உன் அம்மா குமோக் இறந்த பிறகு, அவள் பிறந்த ஊர் என்று இங்கே வந்து நிலம் பிடித்தார். வந்த வாரமே என் வீட்டுக் கதவைச் சரிசெய்து கொடுத்தார். சாப்பிடச் சொன்னேன். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் போன பிறகு, பதினோரு வருஷத்தில், அந்த வீட்டில் யாரும் இரண்டாவது கிண்ணம் கேட்டதில்லை.

“நம்ம கையால வெளைஞ்ச பழத்த என் படையல்ல வைங்கன்னு சொல்லிட்டுப் போனா என் வீட்டுக்காரி. அத ஒரு தடவ வெச்சுட்டேன்னா போதுங்க, தேஜானுக்கு மக வீட்டுக்குக் கெளம்பிடுவேன்” என்றார்.

நடவு அன்றைக்கு, எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

“கழுத்துவரைக்கும் மண்ணப் போத்துங்க. ஒட்டுன எடம் பச்சப் புண்ணு, காத்துப் படக்கூடாது” என்றேன்.

ஒட்டு மண்ணுக்கு மேலே இரண்டு விரல் நிற்க வேண்டும். புதைத்தால் தர்பூசணி தன் சொந்த வேரை மண்ணில் இறக்கிவிடும், நோயும் அதன் வழியே ஏறிவிடும். காய் ஒரு தலை அளவு வந்த பிறகு, ஏதோ ஒரு மத்தியானம், கொடி அப்படியே துவண்டு படுக்கும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வயல் சம்வோலுக்கும் தெரியும்.

“தல்லே அக்கா, அந்த ரயில்காரரு என்ன, நாத்தப் பொணமாட்டம் பொதைக்கிறாரு? போய்ச் சொல்லிட்டு வரட்டா?” என்று என்னிடம் கேட்டாள்.

“தாராளமாப் போ. ‘அந்தம்மா வாயத் தொறந்தா கூட்ஸ் வண்டி மாதிரி, கடைசிப் பெட்டி வரவே மாட்டேங்குது’ன்னு ஒன்னப் பத்தி நேத்துத்தான் சொன்னாரு.”

அதற்குப் பிறகு அவள் அவருடைய வரப்பைத் தாண்டவில்லை. அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருக்கக் கூடியவர்தான்.

ஒவ்வொரு கோடையிலும் பட்டுப்போன கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வருவார். சோயாப் பாலில் குளிர்ந்த நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பேன். படையலுக்கு என் வயல் பழத்தையே, முறைப்படி தலைப்பக்கம் சீவி அனுப்புவேன். நேற்று நீ விழுந்து கும்பிட்டாயே, அதுவும் என் பழம்தான். குமோக்குக்கு என்ன குறை?

இந்த வருஷம் ஒரு தவறு நடந்துவிட்டது. மழை, ஓரத்துச் செடி ஒன்றின் கழுத்து மண்ணைக் கரைத்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. அந்தச் செடி பிழைத்து ஒரு பழமும் பிடித்தது. அதற்கு வைக்கோல் மெத்தை போட்டார். தினமும் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். “நாளைக்குப் பறிக்கிறேங்க. மக வந்து கூட்டிட்டுப் போயிடுவா” என்று சொல்லிவிட்டுக் காது டாக்டரைப் பார்க்கப் போனார்.

காட்டுப்பன்றி தின்றுவிட்டது என்று உன்னிடம் சொன்னாரே, அது நான்தான். கரண்டியோடு போனேன். முழுப் பழம் ஓர் ஆளுக்கு அதிகம்தான். ஆனாலும் மிச்சம் வைத்தால் அதையே படைத்துவிடுவார். பொய்ப்பல்லைக் கழற்றித் தோலில் அழுத்தினால் பன்றிக் கடி போலவே பதிகிறது. பழம் நன்றாக இனித்தது. என்னுடையதைவிட.

திரும்பி வந்தவர் வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருந்தார். “போவட்டுங்க, அதுக்கும் குட்டி இருக்கும். இன்னும் ஒரு வருஷம் பாக்குறேன்” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. வெயிலாக இருக்கும்.

நீ அவரிடம் இதைச் சொல்ல மாட்டாய். சொன்னால் உடைந்துபோவார், வயதான மனிதரை நோகடிக்கிற பெண் இல்லை நீ. நானும் அப்படிப்பட்டவள் இல்லை.

நல்லபடியாக ஊர் போய்ச் சேர், மகளே. உன் பிள்ளைகள் பெருகட்டும். மாமனாரும் மாமியாரும் நூறு வயது உன்னோடு வாழட்டும். உன் வீட்டில் ஒவ்வோர் அறையும் நிறையட்டும், இன்னும் ஒருவருக்குப் பாய் விரிக்க இடமில்லாத அளவுக்கு.