கண்ணாடிக் கடைக்காரர் மகளைக் காணவில்லை என்ற புகார் குறித்து அவளுடைய அத்தை சொன்னது

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை மேலே தனியாக எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்திரண்டு. குடியிருப்போர் நலச் சங்கம் நடத்தும் இளைஞர் மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தன் பாலினத்தவரையே விரும்பும் பிள்ளைகளும், பிறந்தபோது சொல்லப்பட்ட பாலினத்தில் வாழ முடியாத பிள்ளைகளும் அங்கே வருவார்கள். சாகலாம் என்ற நினைப்போடு வருகிறவர்களுடன் உட்கார்ந்து பேசி, அந்த நாளைக் கடக்க வைப்பது என் வேலை. புகார் கொடுத்திருப்பவர் என் கூடப்பிறந்த தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊரார் பார்வையைச் சரிசெய்வதாக வாசலில் பலகை மாட்டியிருக்கிறான். அவனுடைய இருபது வயது மகளை நான் கடத்தி ஒளித்து வைத்திருப்பதாகப் புகாரில் சொல்லியிருக்கிறான்.

மையத்தில் ஒரு விதி உண்டு. அழைத்துவிட்டுப் பேசாமல் வைத்துவிடும் எண்ணுக்கு நாங்கள் திருப்பி அழைப்பதில்லை. அது அம்மாவின் போனாக இருக்கலாம், அண்ணனின் போனாக இருக்கலாம். வேலைக்கு வரும் எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவோம். சங்கத்தின் செயலாளருக்கும் சொன்னேன். அவர் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் பிரிவுக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அழைப்பையும் தவறவிடாமல்தான் பெரிய ஆளானதாக அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போன திங்கட்கிழமை நான் உள்ளறையில் வேறொரு பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தபோது மையத்தின் போன் அடித்து, செயலாளர் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்து, மையத்தின் பெயரைச் சொல்லி, அது எப்படிப்பட்ட பிள்ளைகளுக்கானது என்பதையும் விளக்கி, "அங்கேருந்து யாரோ கூப்பிட்டாங்களே, உங்ககிட்ட அப்படிப்பட்ட புள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். அது என் தம்பி கடையின் எண். எடுத்தவன் என் தம்பி. கடையில் இருப்பது இரண்டே பேர், அவனும் மகளும். தன் போனை அம்மா தினமும் எடுத்துப் பார்ப்பதால், என்னிடம் பேசக் கடைப் போனில் அழைத்ததாகப் பிறகு அவள் சொன்னாள். நான் வெளியே வந்ததும் செயலாளர், "மேடம், ஒரு போன் காலைக்கூட விடல" என்றார். பாராட்டுவேன் என்று நின்றார்.

எண்ணைப் பார்த்ததும் நான் தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மகளைக் கடையிலிருந்து கூட்டி வந்து அறையில் வைத்துப் பூட்டி, போனைப் பிடுங்கி, அவளுக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை வரச் சொல்லியும் ஆகிவிட்டது. ஒரு கண்ணாடி செய்து கொடுக்க ஒரு வாரம் இழுக்கிறவன் அவன்.

அதன் பிறகு தம்பி மனைவி அறையைத் திறந்துவிட்டாள். நான் பிள்ளையிடம், "செத்துப் போயிடலாம்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்டேன். "ஆமா அத்தை" என்றாள். தம்பி, "ஏன்க்கா நீயே ஞாபகப்படுத்துற?" என்றான். அதுவரை அவள் மறந்திருந்தாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று அவனிடம் சொன்னேன். அவன் போய் சன்னலைச் சாத்தினான்.

அதன் பிறகு இந்த வீட்டில் இருக்க முடியுமா என்று அவளைக் கேட்டேன். முடியாது என்றாள். அவளே துணிகளை எடுத்துப் பையில் போட்டாள், அவளே செருப்பை மாட்டினாள். தம்பி வாசலில் குறுக்கே நின்றான். நான் குரலை உயர்த்தினேன். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உடனே தம்பி, "மெதுவா பேசுக்கா, மானம் போகுது" என்று சொல்லி ஒதுங்கி, எதிர் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தான். அவன் சிரித்து முடிப்பதற்குள் நாங்கள் படி இறங்கிவிட்டோம். கடத்தல் என்று புகாரில் எழுதியிருப்பது இதைத்தான்.

அங்கிருந்து நேராக மருத்துவரிடம் அவளைக் கூட்டிப் போனேன். அவர் சொன்னபடி அவளைத் தனியே விடாமல் யாராவது ஒருவர் கூடவே இருக்கிறோம். மறுநாள் செயலாளர் கூட்டம் போட்டு, சங்கத்தின் பெயரைக் கெடுத்ததாக என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர் செய்த காரியத்தைப் பற்றிக் கேட்டபோது, "நல்லெண்ணத்துலதானே பண்ணேன்" என்றார். அந்த நல்லெண்ணம் இருக்கும் அறையில் எந்தப் பிள்ளையையும் நான் உட்கார வைக்க மாட்டேன்.

அவள் இருக்கும் இடத்தைச் சொல்லும்படி இங்கே என்னிடம் கேட்கப்பட்டது. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் வயது வந்தவள். அதிகாரியோடு போனில் பேசச் சம்மதித்திருக்கிறாள், அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். என் தம்பி காலையிலிருந்து இந்தக் காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவள் எங்கே என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். எதிர் வீட்டுக்காரரிடம் நான் ஏதாவது சொன்னேனா என்று இரண்டு தடவை கேட்டான். அவள் எப்படி இருக்கிறாள் என்று இதுவரை கேட்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை, அவன் கேட்காவிட்டாலும், இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)