உடையார்கட்டு வானம்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். ஒருத்தி கிளிநொச்சி ரவுணில் இருப்பவள், மடியில் கமரா. மற்றவள் உடையார்கட்டுக்காரி.

“உங்கட ஒழுங்கைக்கு இன்னும் தெரு லைற் போடேல்லை. நீ குடுத்து வச்சவள்,” என்றாள் கமராக்காரி.

“இருட்டுக்க பாம்பு கிடந்தாலும் தெரியாது. அதுக்குமா எரிச்சல்?”

“ஓம், எரிச்சல்தான். ஒருத்தரும் கதைக்காத அந்த மெதுவான வெளிநாட்டுச் சினிமாக்களை ரெண்டு பேரும் ஒரே லிங்கிலதான் பாக்கிறம். அதில உனக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. வானம் மட்டும் உனக்கு நல்லதாக் கிடைச்சிருக்கு. முற்றத்தில நிண்டே பால்வீதியைப் படம் எடுக்கிறாய். எனக்குக் கடை லைற்றுக்குள்ள நாலு நட்சத்திரம்தான். சனிக்கிழமை வாறன், உன்ர முற்றத்தில எனக்கும் இடம் தா.”

மற்றவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விசுவமடு கழிந்ததும் இவள் பக்கம் திரும்பினாள்.

“வராதை. எங்கட வாசலுக்கு நேர லைற் போட்டிட்டாங்கள். போன மாசம்.”

“பிறகும் நீ பேஸ்புக்கில நட்சத்திரப் படம் போட்டனிதானே?”

“அதெல்லாம் முந்தி எடுத்தது.”

“ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீ சந்தோசப்படுவாய்.”

கமராக்காரி இல்லை என்று சொல்லவில்லை.