மார்னியின் முப்பத்திரண்டு கன்றுகள்

இங்கே கொடுக்கிற காபி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பேனாவும் தடங்கலில்லாமல் எழுதுகிறது. இன்ஸ்பெக்டர் குவின்டானா, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்ததை அவசரமில்லாமல் எழுதச் சொன்னீர்கள். அவசரப்படுவது என் வழக்கமே இல்லை. என் மச்சான் டோபின் என் செடிக்கன்று அறையில் செத்துக் கிடந்ததை மட்டும் எழுதுவதென்றால் அரைப் பக்கம் போதும். ஆனால் அரைப் பக்கத்தில் படிக்கிறவர்களுக்கு நான் கெட்டவன் மாதிரித் தெரிவேன். அதனால் கரியிலிருந்து தொடங்குகிறேன்.

நான் மண்ணில் கலக்கிற கரி செய்கிறவன். புத்தகம் படித்தவர்கள் அதை உயிர்க்கரி என்கிறார்கள், எங்களுக்குக் கரிதான். ஹம்போல்ட் மலையில் கஞ்சா வளர்க்காத வீடு குறைவு. கரி சுடத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கூம்பு மாதிரி குழி வெட்டி, காய்ந்த ஓக் கட்டையை அடுக்கடுக்காகப் போட்டு, புகையே இல்லாமல் எரியவிட்டு, சாம்பல் பூக்க ஆரம்பிக்கிற அந்த நிமிடத்தில் தண்ணீர் விட வேண்டும். உடைத்தால் கண்ணாடி உடைகிற சத்தம் வர வேண்டும். என் கரியில் வரும். வசந்த காலத்தில் ஊர்க்காரர்கள் என் குழியைப் பார்க்க வருவார்கள். கேள்வியோடுதான் வருவார்கள். அவர்கள் பேசுவதைவிட நான் பேசினால் அவர்களுக்குப் பிரயோஜனம் என்பதால் நான்தான் பேசுவேன்.

கன்று வேலை என் மனைவி மார்னியுடையது. ஒரே ஒரு கஞ்சா வம்சத்தை அவள் முப்பத்தொரு வருடம் கைவிடாமல் காப்பாற்றினாள். கஞ்சாவுக்குத் தடை இருந்து, போலீஸ் ஹெலிகாப்டர் வந்து தோட்டங்களை அழித்த காலத்தில், தாய்ச்செடியைக் காரின் குழந்தை சீட்டில் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, போலீஸ் தடுப்பைத் தாண்டிக் கொண்டுபோனவள் அவள். போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று சொன்னாராம். இந்த ஜனவரியில் புற்றுநோயில் போய்விட்டாள். சாகிறதற்கு முந்தின மாதம் அந்தத் தாய்ச்செடியிலிருந்து முப்பத்திரண்டு கிளை நறுக்கி வேர்விட வைத்திருந்தாள். பிப்ரவரியில் தாய்ச்செடியும் பட்டுப்போனது. ஆக மிச்சம் அந்த முப்பத்திரண்டு கன்றுதான். அவையும் போனால் அந்த வம்சம் உலகத்தில் எங்கேயும் கிடையாது, மார்னி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் வேறெதுவும் கிடையாது. அந்தக் கன்றுகளை எப்படிப் பார்த்தேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

டோபின் அவளுடைய தம்பி. நெவாடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அடக்கத்துக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. எங்கள் மலையில் யார் வீட்டுக்கு வந்தாலும் கேட்டில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பது வழக்கம். அவன் அடிக்கவே மாட்டான். நேராக உள்ளே வந்து, விரலாலேயே என் வேர்க்கடலை வெண்ணெயை வழித்துத் தின்பான். கன்று அறையில் தொட்டிகளுக்கு அடியில் சூடு தருகிற பாய் விரித்திருப்பதால் அங்கேதான் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசனை வெளியே போனால் ஜெயில் என்றிருந்த காலத்தில் ஒவ்வொரு இடுக்கையும் நானே அடைத்தேன். காற்றுக்கு ஒரே ஒரு மின்விசிறி, அதன் சுவிட்ச் வெளியே. இப்போது வளர்க்க அனுமதி உண்டு; லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆனாலும் அடைத்ததைப் பிரிக்க மனம் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு நல்ல சூளை சுட்டேன். அந்தக் கரியை மண்ணோடு கலந்து முப்பத்திரண்டு கன்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். டோபின் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இந்தக் கரி சுட்டு எத்தனை நாளாச்சு?"

"நேத்து."

"நேத்தா? மார்னி இதை..."

"மார்னிக்குக் கன்னு தெரியும். கரி எனக்குத் தெரியும். உனக்கு லாரி தெரியும். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்."

"சரி ராசா, லாரியே ஓட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் பீன்ஸைத் தட்டில் தள்ளிக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தான்.

"ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற விஷயம்னா ஏன் சொல்றே?" என்றேன். நியாயமான கேள்வி. பீன்ஸைத் தின்றான்.

பத்து நாளில் கன்றுகள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் அடியிலைகள், பிறகு மேலே. தண்ணீரைச் சோதித்தேன். விளக்கைச் சோதித்தேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இலைக்கும் அடியில் பூச்சி தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது. மண்ணும் நல்ல மண், கரி என் கரி. அப்படியென்றால் அறைக்குள் இருக்கிற வேறு ஏதோ ஒன்று காரணமாக இருக்க வேண்டும். அறைக்குள் புதிதாக வந்தது டோபின் மட்டும்தான்.

அதற்கப்புறம் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கத் தொடங்கினால் எவ்வளவு கண்ணில் படுகிறது என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் எழுந்துவிடுவான். முன்பெல்லாம் அவனை எழுப்ப வாளி தட்ட வேண்டும். ஈல் ஆற்றுப் பாலத்தில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும்; வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு யாரோடோ பேசுவான். ஒரு தடவை நான் வண்டியில் கடந்துபோனபோது பெரிதாகக் கையாட்டினான். குற்றமில்லாதவன் அவ்வளவு உற்சாகமாகக் கையாட்ட மாட்டான்.

கட்டிலுக்கு அடியில் ஒரு கண்ணாடி ஜாடியும் இருந்தது. மஞ்சளாக ஏதோ நிறைந்திருந்தது.

"இது என்னடா?"

"ஆப்பிள் ஜூஸ் மச்சான். ஒரு மடக்கு குடிக்கிறியா?" என்றான், முகத்தில் சிரிப்பே காட்டாமல். பிறகு அவனாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சான் பிரான்சிஸ்கோ கம்பெனி ஒன்று மார்னியின் வம்சத்தை விலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தது. நான் அதை அடுப்பில் போட்டேன். "அட, வித்துட்டு ஹவாய் போலாம் மச்சான். தேங்காத்தண்ணி குடிச்சிட்டு மல்லாந்து கிடக்கலாம்" என்றான் டோபின். அன்றைக்கு அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். கன்றுகள் வெளுத்த பிறகு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் விற்க மாட்டேன் என்று தெரிந்ததும், கம்பெனிக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்கக் கூடாது என்று யாரோ அவனுக்குப் பணம் கொடுத்திருக்கலாம். பாலத்தில் நின்று வேறு யாரோடு பேசியிருக்க முடியும்?

திங்கட்கிழமை காலையில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சுவரோரத் தொட்டிகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ஜாடியிலிருந்து வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போனான். எட்டுத் தொட்டி. ஊற்றும்போது அவற்றோடு பேசினான்.

"குடிங்கடி. சீக்கிரம் குடிங்க. கிழவன் வந்துரப் போறான்."

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து தோசைக்கல்லைப் போட்டு இனிப்பு அப்பம் சுட்டேன். டோபின் நான்கு தின்றான். ஜாடியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவான். ஒரு மனிதனைப் பொய் சொல்லும் நிலைமைக்குத் தள்ளுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு அவன்மேல் வந்த வெறுப்பை இங்கே மறைக்க விரும்பவில்லை. மார்னியை இரண்டாவது தடவை சாகடிக்கிறவன் என் மேஜையில் உட்கார்ந்து என் அப்பத்துக்கு இன்னும் பாகு கேட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கரி சுட்டேன். மத்தியானம் டோபின் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கட்டிலில் படுத்தான். குறட்டை வந்ததும், பாதிதான் தண்ணீர் விட்டிருந்த கரியை இரும்பு டிரம்மில் தள்ளிக்கொண்டுபோய் அவன் கால்மாட்டில் வைத்தேன். மேலே கறுப்பு, உள்ளே கனல். மின்விசிறியை நிறுத்தினேன். கதவை மூடி வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். கனலிலிருந்து வருகிற விஷவாயுவால் கன்றுகளுக்கு ஒன்றும் ஆகாது. அதை முதலிலேயே யோசித்துவிட்டேன்.

வெளியே உட்கார்ந்து கத்தரிக்கோல்களுக்குச் சாணை பிடித்தேன். ஒரு தடவை உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கட்டிலாக இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் தட்டுகிற மாதிரி, "மச்சான்" என்கிற மாதிரி. அவன் எப்போதும் எதற்காவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பான், உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே என்று. ஐந்து கத்தரிக்கோலையும் முடித்தேன். மூன்று மணிக்குக் கதவைத் திறந்து, விசிறியைப் போட்டு, காற்று மாறும்வரை காத்திருந்து, அவனைக் கதவடியிலிருந்து தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தேன். தொப்பியையும் வைத்தேன். பிறகு பாலத்துக்குப் போய் உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

வந்த உங்கள் ஆள் விபத்து என்றுதான் எழுதினார். கரி வைத்த அறையில் தூங்கிச் செத்தவர்கள் இந்த மலையில் முன்பும் உண்டு. பிறகு நீங்கள் வந்து விசிறி ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள். கரண்ட் போயிருந்தது என்றேன். போகவில்லை என்று விசாரித்துக்கொண்டு வந்தீர்கள். அதைக்கூட சமாளித்திருப்பேன். நேற்று அந்த ஜாடியை என் முன்னால் வைத்தீர்களே, அதற்குப் பிறகுதான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

"இதுல என்ன இருக்குன்னு லேப்ல சொல்லிட்டாங்க, மிஸ்டர் வெர்னன். மூத்திரம். கொஞ்சம் வெல்லப்பாகு. அவ்வளவுதான்" என்றீர்கள். "எங்க அம்மா ரோஜாவுக்கு இதே கரிதான் போடுவாங்க. சுட்ட கரியை அப்படியே போட்டா அதுக்குப் பசி, மண்ணுல இருக்கற சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கும். செடி வெளுத்துப் பட்டினி கிடக்கும்னு சொல்வாங்க. ஆறு வாரம் எருத்தண்ணியிலயோ இதுலயோ ஊறினாத்தான் ஒரு பிடி எடுக்க விடுவாங்க. நீங்க எத்தனை நாள் ஊறப்போட்டீங்க?"

என் கரிக்கு அதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை என்றேன். நீங்கள் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், கொட்டகைக்குப் பின்னால் இருந்த நான்கு நீலப் பீப்பாய்களைக் காட்டினீர்கள். அவை மார்னியின் தக்காளி உரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூடியின் உட்பக்கத்தில் அவள் கையெழுத்தில், ஒவ்வொரு வருடமும், கரி போட்ட தேதியும் எடுத்த தேதியும் இருந்தன. ஊறியதைக் காயவைத்துப் பழையபடி என் சாக்குகளிலேயே கட்டி வைத்திருக்கிறாள். டோபின் பாலத்திலிருந்து பேசியது தோட்டக் கடைக்காரப் பெண்ணிடம் என்றும் சொன்னீர்கள். கன்றைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் மச்சானுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோகும், அக்கா போன துக்கத்தில் இருக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டானாம். கொஞ்சம் கொஞ்சமாக, எட்டெட்டாக ஊற்று என்றாளாம் அவள்.

இன்று காலை போட்டோவும் காட்டினீர்கள். சுவரோரம் எட்டுக் கன்று பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. மற்ற இருபத்து நாலும் இலை உதிர்த்துவிட்டன.

ஆக, டோபினைக் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவுமில்லை. கீழே கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். ஆனால் நியாயமாக யோசிக்கிற யாராக இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: திருட்டுத்தனமாக ஜாடியைத் தூக்கிக்கொண்டு திரிந்ததற்குப் பதில் அவன் நேராக வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறவன். முப்பத்தொரு வருடம் மார்னி என்னோடு வாழ்ந்தாள். என் கரியைப் பற்றி ஒரு நாள்கூட அவள் ஒரு குறை சொன்னதில்லை.