நின்ற இடத்திலேயே நிற்கும் வாயு

இந்த ஊர்க் குளிரில் டீ கொண்டுவந்து வைப்பதற்குள் ஆறிவிடும். பரவாயில்லை இன்ஸ்பெக்டர், எனக்கு ஆறின டீதான் பிடிக்கும். முதலில் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும் கித்தேரியம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் வீட்டில் சமைப்பவர். ஒரு பாவமும் அறியாதவர். அவர்மேல் பழி போடுவது நியாயமில்லை.

இறந்துபோன சிவமுருகன் என் மாணவன். ஆயக்குடிக்காரன். என் வீட்டில் தங்க மலையேறும்போதெல்லாம் பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவருவான். தங்கமான பையன். குளிர்தான் அவனுக்கு ஆகாது.

அவன் இறந்துகிடந்த அறைக்குள் விஷவாயு எங்கிருந்து வந்தது என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். பெரிய நெபுலா ஒன்று இருக்கிறது. ஒளிரும் அந்த மேகத்தைச் சுற்றிக் குளிர்ந்த ஹைட்ரஜன் வளையமாகக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ தொலைநோக்கிக்குத்தான் தெரியும். உள்ளேயிருக்கும் நட்சத்திரங்கள் தங்கள் காற்றால் வெளியே தள்ளிக் குவித்த வாயு அது என்று இளவயதில் சொன்னேன். பாடப்புத்தகத்தில் என் பெயரோடு இருக்கிறது. நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

அவன் இறந்த அன்று மதியம் எங்கள் அட்டுவம்பட்டி முழுக்க மூடுபனி. சிவமுருகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

"தள்ளிவிட்ட வாயுன்னா வெளிய ஓடிக்கிட்டுல்ல இருக்கணும் சார்? இது நின்ன எடத்துலயே நிக்குது. நட்சத்திரம் பொறக்குறதுக்கு முன்னாடியே கெடந்த மேகத்தோட மிச்சம் சார் இது. சாயங்காலம் கட்டுரைய அனுப்பிருவோமா?"

"உனக்குக் காய்ச்சலா இருக்கு. சாப்பிட்டுத் தூங்கு. நான் அனுப்புறேன்" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. பையன் சொல்வது சரி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

கித்தேரியம்மாள் அவன் அறையில் கரி அடுப்பை மூட்டி வைத்தார். "தம்பி, சன்னல் ஒரு சாண் தொறந்தே கெடக்கட்டும், மூடிறாதீங்க. கரிச்சூடு ஆள அமுக்கிரும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். ஜன்னலைத் திறந்துதான் வைத்தேன் என்று அவர் உங்களிடம் சொன்னது நிஜம். இந்த மலையில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான் அது. வந்துபோகும் விருந்தாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மாத்திரை போட்ட அசதியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். பிறகு கூடத்தில் உட்கார்ந்து அவன் கொண்டுவந்த கொய்யாவைச் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

சாயங்காலம் சொன்னபடியே கட்டுரையை அனுப்பிவிட்டேன். முடிவை மட்டும் பழையபடி, நட்சத்திரங்கள் தள்ளிய வாயு என்று மாற்றினேன். அவன் பெயரைத்தான் முதலில் போட்டேன். உழைத்தவன் அவன் அல்லவா, அந்த மரியாதையை நான் குறைக்க மாட்டேன்.

ஜன்னலா? ஆமாம், நான்தான் மூடினேன். கொண்டியும் போட்டேன். பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பையனுக்குக் குளிருமே.