கஃபார் காகிதம் தந்த பேராசிரியர் பூங்குழலி அவர்களுக்குப் பணிநிறைவு வாழ்த்து மடல்

கம்பியில் கோத்த காகிதக் கத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஷூ கம்பெனிப் பேருந்துகள் அடைத்து நின்ற ஆம்பூர்க் கடைத்தெருவில், மாலை மூன்று ஐம்பதுக்கு ஓடிவந்தவரே! முப்பத்தோர் ஆண்டுகளில் ஒருநாளும் வகுப்புக்கு ஓடிவர நேராத, நேரம் தவறாத நெறியே! வேதியியல் துறையின் விளக்கே!

நெரிசலில் சிக்கிய வண்டியிலிருந்து ஆய்வக உதவியாளர் ஜீவா, "இன்னா மேடம் இது, ரிட்டயர் ஆவற வயசுல ஓட்டம்? விழுந்துடப் போறீங்க!" என்று கத்தியது உங்கள் காதில் விழவில்லை. நான்கு மணிக்குள் அந்தக் கத்தை கல்லூரிக்கு வராவிட்டால் நம் துறையின் ஆய்வு மைய அங்கீகாரம் போய்விடும். உங்களிடம் ஆய்வு செய்யும் லுப்னாவும் நவநீதனும் நான்கு வருட உழைப்போடு நடுவழியில் நிற்பார்கள். அதற்காகத்தான் ஓடினீர்கள், உங்களுக்காக அல்ல.

அன்று காலை மதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. ஓர் ஆய்வை எத்தனை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்று மட்டும் எண்ணிய காலம் மாறி, செய்தியில் வந்ததா, அரசாணையில் ஏறியதா, இணையத்தில் பேசப்பட்டதா, யாரேனும் கையிலெடுத்துப் பயன்படுத்தினார்களா என்றெல்லாம் அளக்கும் புதுக் காலம் இது. குழுத் தலைவர் பரணிதரன் கணினியில் உங்கள் பெயரைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேற்கோள் ரெண்டும்மா. அதுல ஒண்ணு நீங்களே உங்களைச் சொன்னது. மத்ததெல்லாம் பூஜ்யம்."

லுப்னாவால்தான் பொறுக்க முடியவில்லை. "சார், மேடம் பேரைப் போட்டா வராது. கஃபார் காகிதம்னு போடுங்க."

போட்டார். திரை நிறைந்தது! ராணிப்பேட்டைத் தொழிலாளர்கள் எடுத்த காணொளிகள், வாலாஜாபேட்டைத் தொழிற்கூடம் ஒன்றின் பாதுகாப்பு அறிவிப்பு, பயிற்சிப் பாடம்! தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் நூலில் கட்டி இறக்கும் சிறு வெள்ளைக் காகிதம் அது. நச்சு வாயு இருந்தால் கறுத்துவிடும். கறுத்தால் இறங்கக் கூடாது. எளிமையிலும் எளிமை, ஆயினும் எமனை வாசலிலேயே தடுக்கும் வலிமை!

"இது கஃபார்ங்கறவர் கண்டுபிடிச்சதா இருக்கலாமே?" என்றார் தலைவர். "உங்க ஆய்வகத்துலதான் பிறந்துச்சுன்னு ஆதாரம் வேணும். நாலு மணிக்கு நாங்க கிளம்பறோம்."

அப்போதுதான் ஜீவாவின் வண்டியில் ஏறினீர்கள். கறுத்த காகிதத்தை இங்கே யாரும் எறிவதில்லை. அன்று இறங்கவிருந்தவர் அதன் மருந்து பூசாத ஓரத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதி, தொட்டியோரக் கம்பியில் குத்திவைப்பது நம் தொழிலாளர்கள் தாமாகவே வளர்த்த வழக்கம். ஒவ்வொன்றின் மூலையிலும் அதைத் தயாரித்துத் தந்த நம் ஆய்வகத்தின் தொகுதி எண் இருக்கும். ஐந்து தொழிற்கூடங்களின் கம்பிகளோடு நீங்கள் மூச்சிரைக்க வந்து நின்றபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

நானூற்றுப் பன்னிரண்டு காகிதங்கள். தலைவர் முதலில் தொகுதி எண்களைத்தான் பார்த்தார். பிறகு பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். சாமிநாதன். தன்சீல் அகமது. வக்கார் அகமது. இருபதாவது பெயரில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவங்க எல்லாம் உயிரோட இருக்காங்க, இல்லையா? இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு என் படிவத்துல இல்லையேம்மா."

அங்கீகாரம் நிலைத்தது. லுப்னா அழுதாள். "உங்க பேரை ஏன் வைக்கலை?" என்று தலைவர் கேட்டதற்கு, "அவர் பேர்ல இருக்கறதுதான் சார் சரி" என்றதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

அறிவின் சிகரமே! உங்கள் கோபத்துக்கும் நாங்கள் தப்பியதில்லை. துடைக்காத மேசையைக் கண்டால் "இது லேபா, பிரியாணிக் கடையா?" என்று நீங்கள் போட்ட சத்தம் இனி யார் போடுவார்? நோயின்றி, நெஞ்சில் பாரமின்றி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்தி, மடலை இங்கேயே முடித்திருப்போம்.

முடிக்க முடியவில்லை. அந்தப் பாரத்தைப் பற்றித்தான் இன்னும் ஒரு சேதி இருக்கிறது.

குழு போன பிறகு லுப்னாவிடம் மட்டும் சொன்னீர்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, தொழிலாளி அப்துல் கஃபார் ஆய்வகத்துக்கு வந்து, "தொட்டியில நாத்தம் மாறியிருக்கு மேடம், வந்து பாருங்க" என்றார். தேர்வு வேலை இருந்தது. "திங்கக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் இறங்காதீங்க" என்று அனுப்பினீர்கள். ஞாயிறன்று அவர் தொட்டிக்குள் இறந்தார். நீங்கள் போகாததால்தான் அவர் இறங்கினார் என்று இன்றுவரை நம்புகிறீர்கள். இதைச் சபையில் சொல்வது எங்கள் துணிச்சல் அல்ல. அவர் மனைவி சுகரா பேகம் சொல்லச் சொன்னார்.

நேற்று இந்த விழாவுக்கு அவரை அழைக்க ஜீவா போனபோது அங்கே நசீர் அகமது இருந்தார். கஃபாரோடு வேலை செய்தவர். அந்தச் சாவுக்கு மறுவாரமே கான்பூருக்குப் போய், சென்ற மாதம்தான் திரும்பியவர். அவர் சொன்னது இது:

"மேடம் திங்கக்கிழமை வர்றாங்க, யாரும் இறங்கக் கூடாதுன்னு கஃபார் பாய் தொட்டி வாய்லயே உக்காந்துட்டாரு. நான்தான், 'இன்னா பாய், பயந்துட்டியா?'ன்னு கிண்டல் பண்ணிட்டு இறங்கினேன். மயங்கி விழுந்துட்டேன். என்னைத் தூக்கி மேல தள்ளத்தான் அவரு இறங்கினாரு. நான் வெளிய வந்துட்டேன். அவரு வரல. பயத்துல யார்கிட்டயும் சொல்லாம ஓடிட்டேன்."

மூன்றாவது வரிசையில் நசீர் அமர்ந்திருக்கிறார். அருகில் சுகரா பேகம். இந்த மடலில் சேர்க்கும்படி அவர் சொல்லியனுப்பியது ஒரே ஒரு வரி:

"எங்க வூட்டுக்காரரு மேடம் பேச்சைத் தட்டல, அவங்க திங்கக்கிழமைக்காகக் காத்துக்கினு இருந்தாருன்னு எழுதுங்க."

எழுதிவிட்டோம், அம்மா.

என்றும் உங்கள்,
வேதியியல் துறை ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அலுவலர்கள்
ஆம்பூர்